இல்லாத இயந்திரமும் கொடுத்த வாக்கும்

நண்பர் ஒருவர் 1997 முதல் 2001 வரை நடத்திய சிற்றிதழின் கோப்புகள் சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்து சேர்ந்தன. ஏழு இதழ்கள். அவற்றில் நான்குக்கு அச்சுப் பிரதி அவரிடமே இல்லை. பேஜ்மேக்கரில் கட்டியவை, யூனிகோடுக்கு முந்தைய ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவில் தட்டியவை. இன்றைய கம்ப்யூட்டர் அவற்றைத் திறக்க மறுக்கிறது. உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் வலிந்து உருவி எடுத்தால் ரோமன் எழுத்துக்களும் நிறுத்தற்குறிகளும் கலந்த ஒரு சிதறல் கிடைக்கிறது. கவிதைகளில் வரி ஒடிப்பு மட்டும் தப்பியிருந்தது. கவிஞன் எங்கே மூச்சு விட்டான் என்று தெரிகிறது; என்ன சொன்னான் என்று தெரியவில்லை.

அந்தக் கோப்புகள் பிறந்த கம்ப்யூட்டர் எப்போதோ செத்துவிட்டது. பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணும், கூட வந்த குறுந்தகடும் மிஞ்சியிருந்தன. இளம் நண்பர் ஒருவர் என் மேஜைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு மெய்நிகர் இயந்திரத்தை உண்டாக்கி, அதில் அந்தப் பழைய இயங்குதளத்தை ஏற்ற ஆரம்பித்தார். பாதியில் ஒரு திரை வந்து நின்றது. நீளமான லைசென்ஸ் வாசகம். கீழே ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை என்று இரண்டு வழிகள். இரண்டாவதைத் தேர்ந்தால் வேலை அத்துடன் நின்றுவிடும். அவர் முதலாவதை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனார்.

நான் அதைப் படித்தேன். கையில் தாளாகவும் இருந்தது. இந்த மென்பொருள் எந்தக் கம்ப்யூட்டரோடு சேர்த்து விற்கப்பட்டதோ அந்தக் கம்ப்யூட்டரில் மட்டுமே பயன்படுத்தத் தக்கது என்று இருந்தது. அதாவது அந்தப் பெட்டி சாகும்போது அனுமதியும் கூடவே சாகிறது. உடன்கட்டை. நாங்கள் செய்துகொண்டிருந்தது அதற்கு நேர்மாறான காரியம். திரும்பி வந்த நண்பரிடம் எதற்கு ஒப்புக்கொண்டீர்கள் தெரியுமா என்று கேட்டேன். “அத யாரும் படிக்கறதில்ல சார்” என்றார். சிறிது நேரத்தில் ஏழு இதழ்களும் திறந்தன. அச்சுப்பிழைகள் உட்பட எல்லாம் அப்படியே இருந்தன. படித்து முடித்த பிறகும் அந்தத் திரை மனதைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

*

மெய்நிகர் என்ற சொல்லை யார் உண்டாக்கினார்களோ, ஒரு தத்துவ முடிவையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். மெய்க்கு நிகர். போலி, மாயை, நிழல் என்றெல்லாம் சொல்ல வழி இருந்தும் நிகர் என்றே சொல்கிறோம். சொல் அழகாக இருக்கிறது என்பதற்காக அதன் வாதத்தை ஏற்றுக்கொண்டுவிட வேண்டும் என்பதில்லை. ஆனால் இந்த இடத்தில் சொல் சரியாகவே இருக்கிறது என்று தோன்றுகிறது.

விஷயம் புதிதும் அல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐபிஎம் ஆட்கள் 1960களிலேயே இதைச் செய்துவிட்டார்கள். ஒரு பெரிய இயந்திரம். பலர் அதை ஒரே சமயத்தில் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொருவருக்கும் முழு இயந்திரமும் தனக்கே என்ற தோற்றம் வேண்டும். சிபி–40, சிபி–67 என்ற சோதனைகளுக்குப் பிறகு 1972இல் விஎம்/370 என்ற பெயரில் அது சரக்காகவே வெளிவந்தது. 1974இல் போபெக், கோல்ட்பர்க் என்ற இருவர் மெய்நிகர் இயந்திரம் எனப்படுவதற்கு வேண்டிய லட்சணங்களை வகுத்து எழுதினார்கள். அவற்றில் முதலாவது இது: நேரக் கணக்கிலும் கிடைக்கும் வளங்களின் அளவிலும் வரும் வேறுபாட்டை விட்டுவிட்டால், உள்ளே ஓடும் நிரல் அசல் இயந்திரத்தில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே இங்கும் நடந்துகொள்ள வேண்டும். உள்ளே இருப்பதற்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது வித்தியாசமாகப் படக்கூடாது. இந்த லட்சணம் நிறைவேறிவிட்டால் நிகர் என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது?

அந்தக் காலத்தில் இதனால் லைசென்ஸ் தகராறு எதுவும் பெரிதாக எழவில்லை. காரணம் எளிது. 1969இல் ஐபிஎம் மென்பொருளையும் இயந்திரத்தையும் விலையில் பிரிக்கப் போவதாக அறிவிக்கும் வரை, மென்பொருள் இரும்போடு கூட வரும் ஒரு தொங்கல். தனியே விலையில்லாத பொருளுக்குத் தனியே நிபந்தனை எதற்கு? மென்பொருள் தனிச் சரக்கான பிறகுதான் ‘ஒரு கம்ப்யூட்டரில்’ என்ற சொற்றொடர் வருகிறது. அந்த ‘ஒரு’வின் மீதுதான் முழு வியாபாரமும் நின்றது. அந்த ‘ஒரு’வைத் தாங்கிக்கொண்டிருந்தது சட்டம் அல்ல, இரும்பு. பெட்டியை எண்ணலாம். தொட்டுப் பார்க்கலாம். 1999இல் விஎம்வேர் நிறுவனம் சாதாரண மேஜைக் கம்ப்யூட்டரிலும் மெய்நிகர் இயந்திரத்தைச் சாத்தியமாக்கிய பிறகு, இரும்பு தன் சாட்சிப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டது. ஒரு பெட்டிக்குள் நான்கு கம்ப்யூட்டர். பகலில் இருந்து இரவில் இல்லாமல் போகும் கம்ப்யூட்டர். ஒரே கட்டளையில் இரட்டையாகப் பிறக்கும் கம்ப்யூட்டர். இப்போது ‘ஒரு’ என்பது வெறும் சொல். அதைத் தாங்க, கொடுத்த வாக்கைத் தவிர எதுவும் இல்லை.

*

2007 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் விஸ்டாவைக் கடைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க விலையில் ஹோம் பேசிக் 199 டாலர், ஹோம் பிரீமியம் 239, பிசினஸ் 299, அல்டிமேட் 399. முதல் இரண்டின் லைசென்ஸில் ஒரு வாசகம்: இந்த மென்பொருளை மெய்நிகர் இயந்திரத்துக்குள் பயன்படுத்தக் கூடாது. மற்ற இரண்டிலும் பயன்படுத்தலாம். பாதுகாப்பை உத்தேசித்து என்று காரணம் சொல்லப்பட்டது. இந்த வகை இயந்திரங்களில் புதிய அபாயங்கள் உண்டு, சாதாரண வீட்டுக்காரருக்கு அது வேண்டாம் என்று. ஆனால் நூறு டாலர் கூடுதலாகக் கொடுத்தவருக்கு அந்த அபாயம் அனுமதிக்கப்பட்டது. 2008 ஜனவரியில், சரியாக ஓராண்டில், தடை விலக்கப்பட்டது.

‘கூடாது’ என்பது அறத்தின் சொல். அதை எடுத்து விலைப்பட்டியலில் போட்டால் என்ன ஆகிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. கூடாத ஒன்று நூறு டாலருக்குக் கூடுவதாகிறது. ஓராண்டு கழித்து எல்லோருக்கும் கூடுவதாகிறது. விலை வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. விலை நேர்மையான விஷயம். இவ்வளவு கொடு, இதைத் தருகிறேன் என்பதில் ஒளிவு இல்லை. விலையைத் தடையின் வேஷத்தில் அனுப்புவதுதான் பிரச்னை. அதனால் விலைக்கு ஒன்றும் நஷ்டமில்லை; தடை என்ற சொல்தான் மலிகிறது. அடுத்த முறை உண்மையாகவே கூடாத ஒன்றைச் சொல்ல வரும்போது கேட்பவனின் காது மரத்துப்போயிருக்கும்.

பின்னால் வந்த விண்டோஸ் 10 லைசென்ஸ் வேறு பாதையில் போயிற்று. ஒரு சாதனத்தில் ஒரு நிறுவல். அந்தச் சாதனம் பௌதிகமானதாக இருந்தாலும் சரி, மெய்நிகரானதாக இருந்தாலும் சரி. ஒவ்வொரு கூடுதல் மெய்நிகர் சாதனத்துக்கும் தனி லைசென்ஸ். இது எனக்கு நேர்மையாகப் படுகிறது. நம் தத்துவ மரபுகள் நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்ட ஒரு விவகாரத்தை ஒரு வணிக ஒப்பந்தம் அரை வாக்கியத்தில் முடித்துவைக்கிறது: தோற்றமும் மெய்யும் கணக்கெடுப்பில் சமம்.

ஆப்பிள் இதற்கு எதிர்த்துருவம். 2011இல் வந்த லயன் பதிப்பிலிருந்து அதன் லைசென்ஸ், ஏற்கனவே அந்த இயங்குதளம் ஓடும் ஒவ்வொரு ஆப்பிள் கம்ப்யூட்டரிலும் மெய்நிகராகக் கூடுதலாக இரண்டு பிரதிகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. மென்பொருள் உருவாக்கம், சோதனை, சொந்த உபயோகம் போன்ற காரியங்களுக்கு. உயிர் இரண்டென்ன மூன்றும் இருக்கலாம். ஆனால் உடல் ஆப்பிள் செய்ததாக இருக்க வேண்டும். ஃபுளோரிடாவில் சைஸ்டார் என்ற சிறு நிறுவனம் 2008இல் வேறு பெட்டிகளில் அந்த இயங்குதளத்தை ஏற்றி விற்றது. ஒவ்வொரு பெட்டியோடும் காசு கொடுத்து வாங்கிய ஒரு பிரதியையும் வைத்தே அனுப்புகிறோம் என்பது அதன் பக்கத்து நியாயம். 2009 நவம்பரில் நீதிமன்றம் ஆப்பிளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2011இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. விலை கொடுத்தாயா என்பது அங்கே கேள்வியே அல்ல. எந்த உடலில் என்பதுதான் கேள்வி.

கவிதை எழுதுகிற நம் வட்டத்துக்கு இதில் ஒரு உபரிச் செய்தி உண்டு. இன்டெல் சில்லுக்கு மாறிய 2006இல், ஆப்பிள் தன் இயங்குதளத்துக்குள் ஒரு சிறு கவிதையை ஒளித்துவைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. பூட்டை உடைத்து உள்ளே வருகிறவனை நோக்கிய கேலிச் செய்யுள். கர்மா என்ற நம் சொல்லைத் துணைக்கு அழைத்திருந்தது. நிறுவனமும் அது தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டது. இன்னொன்று அதைவிட விசேஷம். உழைப்பு, காவல், திருட்டு என்ற பொருள்பட அமைந்த 64 எழுத்துக்கள் அந்த இயந்திரத்தின் ஒரு சில்லில் வைக்கப்பட்டிருந்தன. கோப்புகளைத் திறந்து காட்டும் நிரல் உட்பட முக்கியமான சில நிரல்கள் சங்கேதமாக்கப்பட்டிருந்தன. அந்த 64 எழுத்துக்களே அவற்றின் சாவி. அச்சொற்களைச் சொல்லத் தெரியாத உடலில் அந்த நிரல்கள் ஓடா. பொருள் புரிய வேண்டும் என்பதில்லை, உச்சரித்தால் போதும். மந்திரம் என்று நாம் சொல்வது இதைத்தான். வெகு சீக்கிரம் பொய்ச் சில்லுகளுக்கும் அந்த மந்திரத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். திருடாதே என்று சொல்லும் வாய் திருடிக்கொண்டே அதைச் சொல்லலாம் என்பது தெரிந்துபோயிற்று.

*

உடலா, உள்ளே இருப்பதா என்ற இந்தத் தகராறுக்கு நம்மிடம் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. சேக்கிழார் சொல்லும் திருமூலர் கதை. சாத்தனூரில் மூலன் என்ற இடையன் மேய்ச்சல் நிலத்தில் இறந்துகிடக்கிறான். பசுக்கள் சுற்றி நின்று கதறுகின்றன. அவ்வழி வந்த யோகி அவற்றின் துயரம் பொறாமல், தன் உடலை ஓரிடத்தில் காப்பாக வைத்துவிட்டு, மூலனின் உடலுக்குள் புகுகிறார். மாடுகள் வீடு சேர்கின்றன. கதையை இதுவரைதான் நாம் ரசித்துச் சொல்வது வழக்கம்.

மூலனுக்கு மனைவி இருக்கிறாள். பொழுது போயும் கணவன் வராததால் தேடிக்கொண்டு வருகிறாள். கண்டு, தொட நெருங்குகிறாள். அவர் விலகி, உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்கிறார். அவள் அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிடுகிறாள்.

அவளுடைய வழக்கு என்ன? கல்யாணம் எதனோடு நடந்தது என்பதுதான். கண், கை, நடை, குரல் எல்லாம் அவனுடையவை. ஊர் அறிய நடந்த கல்யாணம் இந்த உடலைச் சாட்சியாக வைத்து நடந்தது. உள்ளே வந்திருப்பவர் நான் வேறு என்கிறார். அதற்கு அவர் சொல்லைத் தவிர அத்தாட்சி இல்லை. ஆப்பிள் நிறுவனத்தின் வக்கீல் அவள் பக்கம் நிற்பார் என்று நினைக்கிறேன். விண்டோஸ் 10 யோகியின் பக்கம். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒப்பந்தம் கூட்டோடா, குடியிருப்பதோடா என்பதை ஒப்பந்தம் செய்த வேளையில் யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் இரண்டும் பிரியும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிரிந்த பிறகு, இரண்டு பக்கமும் அதே வாசகத்தைக் காட்டி வாதாடலாம். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. பெரியவர்கள் வந்து பார்த்து, இவர் வேறு நிலைக்குப் போய்விட்டார், திருப்ப முடியாது என்கிறார்கள். அவள் தோற்கிறாள். அவள் சொன்னது தவறு என்று யாரும் சொன்னதாக இல்லை.

நான் செய்ததும் ஒரு கூடுவிட்டுக் கூடு பாய்ச்சல்தான். பசுக்களுக்குப் பதில் ஏழு இதழ்கள்.

*

இதைப் பற்றிப் பேசியபோது இரண்டு விதமான சமாதானம் கிடைத்தது. இளம் நண்பருடையது ஒன்று: யாருக்கும் நஷ்டமில்லை, யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. இரண்டாவது பாதி வாதமே அல்ல. முதல் பாதியைப் பற்றிப் பேசலாம். இன்னொரு நண்பர், இடதுசாரி, கோபமாகவே சொன்னார்: மூலதனம் எழுதும் ஒப்பந்தம் ஒப்பந்தமே இல்லை. ஒரு பக்கம் எழுதுகிறது, மறுபக்கம் அழுத்துகிறது. பேரம் இல்லாத இடத்தில் வாக்கு ஏது?

இதற்கு ஹ்யூமிடம் ஆதரவு கிடைக்கும். வாக்குறுதி என்பது இயற்கையானதல்ல, மனிதர்கள் ஒருவரை ஒருவர் நம்பிப் பிழைப்பதற்காக உண்டாக்கிக்கொண்ட வழக்கம் என்பது அவர் கட்சி. குறிப்பிட்ட சொற்களைச் சொன்ன மாத்திரத்தில் ஒரு புதிய கடமை பிறந்துவிடுகிறது என்பதை, பூசாரியின் சொல்லால் அப்பம் மாம்சமாகிறது என்ற கத்தோலிக்க நம்பிக்கையோடு அவர் ஒப்பிட்டார். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானைப் பார்த்திருந்தால் அவருக்குச் சிரிப்பு வந்திருக்கும். மனசில் எதுவும் நிகழாத இடத்தில் விரல் மட்டும் சடங்கை நடத்திவிடுகிறது.

ஆனால் இந்தக் கதவு வழியாக நான் தப்பிக்க முடியாது. நான் படித்துவிட்டேன். தவிரவும், படிக்காமல் கையெழுத்திட்ட சொல் சொல்லே இல்லை என்று சொல்லும் உரிமை மற்றவர்களுக்கு இருக்கலாம், நமக்கு இல்லை. முந்நூறு பிரதி அச்சடித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பு உண்டு என்று மற்றவர்களைக் கழுவேற்றுகிற கூட்டம் நாம்.

அப்படியானால் அந்த நிபந்தனை நியாயமானதா என்று பார்க்க வேண்டும். கவிதைத் தொகுப்பு ஒன்றை விற்கும்போது, இதை வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும், நாற்காலி ஒடிந்தால் புத்தகத்தை மூடிவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டால் ஊர் சிரிக்கும். மென்பொருளில் மட்டும் அது எப்படிச் செல்லுபடியாகிறது? ஏனென்றால் மென்பொருளில் படிப்பது என்பதே பிரதி எடுப்பது. 1993இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, எம்ஏஐ–பீக் வழக்கில், மென்பொருளைக் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஏற்றுவதே பிரதி எடுத்தல்தான் என்றது. கண்ணில் விழும் எழுத்தும் ஒரு பிரதி என்று சொல்வது மாதிரி. அப்புறம் ஒவ்வொரு வாசிப்புக்கும் அனுமதி தேவைப்படுகிறது. இந்த வேரை ஏற்க என்னால் முடியவில்லை. எத்தனை பிரதி என்று எண்ணி விலை கேட்பது நியாயம். அந்தப் பிரதி எந்த உடலில் வாழ வேண்டும் என்று சொல்வது அத்துமீறல். இதுதான் என் முடிவு.

முடிவு இப்படிச் சுலபமாக நிற்காதபடி ஒரு சங்கடம் இருக்கிறது. பெட்டியோடு சேர்ந்து வரும் லைசென்ஸ், கடையில் தனியே வாங்குவதைவிட மலிவு. மலிவாக இருப்பதே, பெட்டியோடு முடிந்துவிடும் என்ற நிபந்தனைக்காகத்தான். இதழ் நடத்திய நண்பர் அந்த மலிவை வாங்கினார். காகிதச் செலவுக்கே கடன் வாங்கிக்கொண்டிருந்தவர், வேறு எதை வாங்குவார்? ஆனாலும் வாங்கினார். வித்தியாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிபந்தனையை மட்டும் அத்துமீறல் என்று நான் தள்ளிவிட்டால், அது கொள்கை அல்ல, சௌகரியம். அந்த வித்தியாசம் பாக்கி நிற்கிறது. கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்றால் அந்த இயங்குதளம் இப்போது விற்பனையிலேயே இல்லை. காசை வாங்கிக்கொள்ள ஜன்னல் கிடையாது. பழைய இதழ்களைக் கைவிடு என்பதுதான் அந்த வாசகத்தைக் கடைப்பிடிக்க மிஞ்சியிருக்கும் ஒரே வழி. வாங்குவார் இல்லாததால் கடன் இல்லாமல் போய்விடாது. கடன் இருப்பதால் ஏழு இதழ்களைச் சாகவிட வேண்டும் என்றும் ஆகாது. செய்தேன். மறுபடியும் செய்வேன். குற்றமில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்ள மாட்டேன். இளம் நண்பருக்கும் இடதுசாரி நண்பருக்கும் இது பிடிக்கவில்லை. இருவருக்குமே நான் சுத்தமாக வெளியே வந்துவிட வேண்டும்.

லினக்ஸ் மாதிரி இயங்குதளங்களின் பொது உரிமத்தில் இந்தச் சிக்கலே இல்லை. எந்தக் காரியத்துக்கும், எந்த இயந்திரத்திலும் ஓட்டலாம். ஓட்டுவதற்கு மட்டுமானால் ஒப்புக்கொள்கிறேன் என்றுகூடச் சொல்ல வேண்டாம். நல்ல விஷயம். ஆனால் 1997இல் தமிழில் பக்கம் கட்டியவனுக்கு அந்த வாசல் திறந்திருக்கவில்லை.

மெய்நிகர் இயந்திரத்தில் இன்னொரு வசதி உண்டு. எந்தக் கணத்திலும் அதை அப்படியே உறையவைத்து எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிறகு வேண்டும்போது அதே கணத்துக்குத் திரும்பலாம். இளம் நண்பர் பழக்க தோஷத்தில், அந்த லைசென்ஸ் திரை வந்து நின்றபோதும் ஒன்று எடுத்து வைத்திருந்தார். போன வாரம் எனக்குக் காட்டினார். ஒரு தட்டு. ஏழு இதழ்களும் மறைந்தன. ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை, இரண்டும் தொடப்படாமல் காத்திருந்தன. இயந்திரத்தைப் பொறுத்தவரை இன்னும் யாரும் எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை. “இத அழிச்சிரலாமா சார், இடம் அடைக்குது” என்றார். இருக்கட்டும் என்றேன். ஐந்தாவது இதழை யூனிகோடுக்கு மாற்றும் வேலை பாக்கி இருந்தது. திரும்பவும் முன்னால் போனோம்.